சேர்வராயன் மேட்டில் விட்ட ஆமை

ஓமலூர்
10-10-1984

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்பு தேறிவிட்டது. வயிற்றில் தங்காமல் போன பிள்ளையை நினைத்தால்தான் சோறு இறங்குவதில்லை. அம்மா ஒரே பிடியாக நிற்கிறாள்: "அந்த ஆமை இருக்கற ஊட்டுக்கு எம்புள்ளய அனுப்ப மாட்டேன்." எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, எதிர்த்துப் பேசத் தெம்பும் இல்லை. போன கோடையில் எங்கள் ஊர்க் கரட்டுப் புதரிலிருந்து நீங்கள்தான் அதை ஆசையாகத் தூக்கிப் போனீர்கள். அதை எங்காவது விட்டுவிட்டு என்னை வந்து கூட்டிப் போங்கள்.

உங்கள்
சென்னம்மாள்

நாகலூர்
17-10-1984

அன்புள்ள சென்னம்மா,

விட்டாயிற்று. கண்ட இடத்தில் விட மனம் வரவில்லை. ஏர்க்காடு வரை பஸ்ஸில் போய், சேர்வராயன் கோயில் மேட்டுக்கு நடந்து, பச்சைப் புல்லில் இறக்கிவிட்டேன். சாமி இருக்கிற இடம். நாய்த் தொல்லை இல்லை. "போ சாமி, நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். அத்தையிடம் சொல். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

கருப்பண்ணன்

ஓமலூர்
22-10-1984

மாமா,

ஏனுங்க இப்படிச் செய்தீர்கள்? அது கட்டாமை. வெயிலில் காய்ந்து முள்ளுப் புதரில் படுக்கிற உயிர். ஐப்பசி மழையில் அந்த மேட்டுக் குளிரை அது எப்படித் தாங்கும்? கல்யாணமான புதிதில் அங்கே கம்பளி போர்த்தியும் நான் நடுங்கினேனே, மறந்துவிட்டீர்களா? உடனே தேடி எடுத்து இங்கே கொண்டுவாருங்கள். எடுத்த இடத்திலேயே விடுவோம். அம்மாவை நான் சமாளிக்கிறேன்.

சென்னம்மாள்

நாகலூர்
30-10-1984

சென்னம்மா,

கிடைத்தது. பாறை இடுக்கில் முடங்கிக் கிடந்தது. மூக்கில் நுரை, கண் ஒட்டிப்போயிருக்கிறது. அடுப்போரம் சாக்கு விரித்து வைத்திருக்கிறேன். கீரை வைத்தாலும் வாய் திறப்பதில்லை. மாட்டு டாக்டர், "ஆமைக்கு நான் என்னத்தைங்க குடுக்கறது?" என்கிறார். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் இல்லை, தபாலையே ஆள் நடந்து கொண்டுபோகிறான். நனையாமல் இதை எப்படி இறக்குவேன்? மறுபடி வீட்டில் ஆமை என்று தெரிந்தால் அத்தை உன்னை விடமாட்டார். வெளியே வைத்தால் இது பிழைக்காது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

கருப்பண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. காப்பிச் செடியடியில் புதைத்தேன்.

ஓமலூர்
6-11-1984

மாமாவுக்கு,

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பீடை தொலைஞ்சுது, பொறப்படு கண்ணு" என்று பலகாரம் சுடுகிறாள். நீங்கள் ஆசைப்பட்டுத்தான் எடுத்தீர்கள், நல்ல இடமாகப் பார்த்துத்தான் விட்டீர்கள். எங்காவது என்று எழுதியவள் நான். அது தன் புதரடியில் யாரையும் எதுவும் கேட்காமல் கிடந்தது.

பஸ் விட்டதும் வருகிறேன். வேறெங்கே போவேன்? இனி நமக்கு நல்ல காலம் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

சென்னம்மாள்