அக்காவுக்கு அனுப்பாத முகம்

என் அம்மாவுக்கு, உன் வயிற்றில் கடைசியாகப் பிறந்தவள் எழுதுகிறேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. அக்காவுக்குக் குழந்தை பிறந்துவிட்டதம்மா. பெண். உன் பெயரைத்தான் வைத்திருக்கிறாளாம். சித்தி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அக்கா கடைசியாக அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள், நினைவிருக்கிறதா? இணையத்தில் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஓர் ஆல்பமும் திறந்து வைத்தாள். "வாரத்துக்கு நாலு படம் போடுடி. அம்மா என்னா பண்ணிக்கினு இருந்தாலும் சரி, எடுத்துப் போடு" என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து ஏற்றுவேன். ஒரு படம் ஏறி முடிவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். நீ வெண்டைக்காய் நறுக்கும் படத்துக்குக்கூட அவள் கீழே ஒரு பத்தி எழுதுவாள்.

சென்னையில் ஸ்கேன் பார்த்துவிட்டு, வயிற்றில் இருப்பது புற்று என்று டாக்டர் சொன்ன அன்று, திரும்பி வரும் பேருந்தில் நீதான் முதலில் வாயைத் திறந்தாய். வாலாஜாபாத் தாண்டியிருந்தது.

"அவகிட்ட சொல்லாதடி. முழுகாம இருக்கா. ரெண்டு தடவ நிக்காம போயி, இப்பதான் நின்னுக்கினு இருக்குது. என் மூஞ்சிய இப்படிப் பாத்தா தாங்கமாட்டா."

"நாளைக்குத் தெரிஞ்சா என்னத் திட்டுவாளேம்மா."

"கொழந்த பொறக்கட்டும். நானே சொல்றேன்."

நீ சொல்வாய் என்று நான் நம்பினேன். நீ நம்பினாயா, அம்மா?

முதலில் பழைய படங்களை ஏற்றினேன். முந்தின வருஷம் கருட சேவைக் கூட்டத்தில் நீ கையெடுத்துக் கும்பிட்டு நின்ற படத்தை இந்த வருஷத்தது என்று போட்டேன். இந்த வருஷம் அன்றைக்கு நீ கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. பழையவை தீர்ந்ததும் புதிதாக எடுக்க வேண்டி வந்தது. முடி கொட்டியது தெரியாமலிருக்க முந்தானையைத் தலையில் போட்டுவிட்டு, கன்னத்தில் பவுடர் பூசி, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தேன். கேமராவைத் தூக்கியதும் சிரித்தாய். இறக்கியதும் அப்படியே சாய்ந்துவிட்டாய்.

நீ சிரிக்காதபோது எடுத்த படங்களும் இருந்தன. பதினொன்று. கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாய். "இது வாணாம். இதுவும் வாணாம். அழிச்சிடு." உன் கண் முன்னாலேயே அழித்தேன்.

"அம்மா எளச்சா மாதிரி இருக்காங்களே? ஏதாவதுன்னா சொல்லுடி. விசா போனா போவுது, இப்பவே கெளம்பி வரேன்" என்று அக்கா ஒரு படத்தின் கீழே எழுதினாள். அப்போது அவளுக்கு ஐந்தாவது மாதம். பயணம் செய்யலாம் என்று அங்கே டாக்டரும் சொல்லியிருந்தாராம். அதற்குக் கீழே, "காலையில வாக்கிங் போறாங்கக்கா, அதான்" என்று அடித்தேன். நீ சொல்லி எழுதியதல்ல அது. அந்த வரி முழுக்க என்னுடையது.

அவளுக்கு ஏழாவது மாதம் நடக்கும்போது நீ போய்விட்டாய். அவளால் விமானம் ஏற முடியவில்லை. போனில் அழக்கூட இல்லை. "போன வாரம்கூட சிரிச்சிக்கினு இருந்தாங்களே" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். காரியம் முடிந்த பிறகு ஆல்பத்தை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறாள். எடுத்த தேதி படத்தோடு சேர்ந்தே போகும் என்பது எனக்குத் தெரியாது.

"வாராவாரம் உக்காந்து பாத்துக்கினே இருந்தேன்டி. அம்மாவ ஒரு நாள்கூட பாக்கலையே" என்றாள். "நெசமான படம் ஒண்ணாவது வெச்சிருக்கியா? எப்படி இருந்தாலும் பரவால்ல, அனுப்பு."

"இல்லக்கா. அழிச்சிட்டேன்."

போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

குழந்தைக்கென்று இப்போது புதிதாக ஓர் ஆல்பம் தொடங்கியிருக்கிறாள். அழைப்பு வந்தவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். சித்திக்கு வந்தது. எதிர்வீட்டு டீச்சருக்கு வந்தது. அவளோடு பள்ளியில் படித்தவர்களுக்கெல்லாம் வந்தது. நான் வேலை பார்க்கும் ஏனாத்தூர் கல்லூரி அலுவலகத்துக்குப் போனதும் தினமும் முதல் வேலையாக மெயிலைத் திறக்கிறேன். ஒன்றும் இருப்பதில்லை.

"வாடி, என்னுதுல பாத்துக்கோ. கொழந்த மூக்கு அப்படியே உங்கம்மா மூக்கு" என்று சித்தி கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன். படம் மேலிருந்து கீழாக மெல்லத் திறந்தது. நெற்றி தெரிந்ததும் எழுந்து வந்துவிட்டேன். எனக்குக் காட்ட வேண்டாம் என்று அவள் நினைத்த முகத்தை நான் எப்படித் திருடிப் பார்ப்பேன்?

குழந்தை நல்லபடியாகப் பிறந்ததே, அது போதாதா என்கிறார்கள். சொல்லியிருந்தாலும் நல்லபடியாகத்தான் பிறந்திருக்குமோ? இதை இனி யாரிடம் கேட்பது? வீட்டில் பதில் சொல்ல ஆளே இல்லையம்மா.

கடைசி வாரத்தில் உனக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அக்கா என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோமதி, வந்துட்டியாம்மா?" என்று கேட்டாய். "வந்துட்டேம்மா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவுக்கு எழுதப்போகிறேன். அந்த நான்கு மாதமும் நீ எப்படி இருந்தாய், எங்கே வலித்தது, எதைச் சாப்பிட முடியாமல் தட்டைத் தள்ளினாய், யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய், எல்லாவற்றையும். அவள் படிப்பாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. பிரிக்காமலே தூக்கிப் போட்டாலும் அடுத்ததை எழுதுவேன். சொல்லாதே என்றாய். இனி அந்தப் பேச்சை மட்டும் கேட்கமாட்டேன், அம்மா. இது சத்தியம்.

உன் சின்ன மகள்,
கோமதிக்கு இன்னமும் தங்கை.