கொழும்பில் நான் தாண்டிய அன்று

ஒரகடம் ரோட்டில் ஹார்ன் அடித்தபடியே வரும் என் அப்பாவுக்கு,

நீ வேனில் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப் போன செல்போன் கம்பெனியை மூடிவிட்டார்கள். உன் வேனில் வந்த பெண்களில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் தென்காசிப் பெண் ஒருத்தியைக் குன்றத்தூர் பஸ்ஸில் பார்த்தேன். "ஒங்க அப்பா லுங்கிய மடிச்சுக் கெட்டிக்கிட்டு ரோட்டோரமா குதிச்சுக் காட்டுவாகளேக்கா" என்று சிரித்தாள். என் விளையாட்டான மும்முறைத் தாண்டுதல் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் வேனை நிறுத்திவிடுவாயாமே! எம்பிய காலிலேயே ஊன்றி ஒன்று, மறு காலில் ஊன்றி ஒன்று, கடைசியாக மணலில் ஒரு பாய்ச்சல். சுங்குவார்சத்திரம் தார் ரோட்டில் மணலுக்கு எங்கே போனாய்?

வெளிநாட்டில் நான் முதலில் தாண்டியது பாங்காக்கில். கடைசி இடம். "புள்ள ஃபாரின்ல குதிச்சிச்சு" என்று மட்டும் எல்லோரிடமும் சொன்னாய், இடத்தைச் சொல்லவில்லை. அடுத்தது கொழும்பு.

அங்கே போட்டி நடந்த அன்று காலை, நீ கம்பெனி கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்தவன், எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் நான் தாண்டினேன். அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு தூரம் தாண்டியதில்லை. வெண்கலம். கொடியைப் போர்த்திக்கொண்டு மைதானத்தில் ஆடினேன் அப்பா. பிறகு வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அப்பாகிட்ட குடும்மா."

"அவரு டிரிப்ல கீறாரும்மா. நீ நல்லா சாப்ட்டுத் தூங்கு."

அம்மாவின் குரல் பிசகவே இல்லை. உன்னைக் கிடத்திய ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினாளாம். எப்படி முடிந்தது அவளால்? மறுநாள் ஏர்போர்ட்டில் தம்பியின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகும் இந்தியாவுக்காகத் தாண்டினேன். ஓடத் தயாராகி நிற்கும்போதெல்லாம், இந்த நிமிஷம் வீட்டில் என்ன நடக்கிறதோ என்று தோன்றும். தோஹாவில் அப்படியே நின்றுவிட்டேன். கொடுத்த நேரம் தீர்ந்து சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார்கள். அதோடு விளையாட்டை விட்டுவிட்டேன். இப்போது ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை. ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம் முட்டி வலி என்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டேவிட்டேன், ஏன் மறைத்தாய் என்று.

"நானா மறைச்சேன்? நெஞ்சு வலிக்குதுன்னு போன் பண்ணாரு. 'எனுக்கு இன்னா ஆனாலும் புள்ள குதிச்சு முடிக்கட்டும், சொல்லாத'ன்னாரு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி தட்டோடு எழுந்துவிட்டான். "இன்னாம்மா கதை வுடுற? அவரு எனுக்குத்தான் போன் பண்ணாரு. 'அக்காவ வரச் சொல்லுடா'ன்னாரு."

அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

யார் சொல்வது நிஜம்? இரண்டு பேருக்குமே போன் செய்தாயா? குதிக்கட்டும் என்று சொன்ன வாயால் வரவும் சொன்னாயா? அம்மாமேல் கோபப்படுவதா, அவள் மடியில் படுத்து அழுவதா? எனக்கு ஒன்றும் புரியவில்லை அப்பா.

அன்று சாயங்காலம் நான் சந்தோஷமாக இருந்தேன். அது மட்டும் நிச்சயம். நீ இல்லாத நேரத்தில் ஆடியிருக்கிறேனே என்று இத்தனை வருஷமும் கூசிப்போய், அந்தத் தாண்டலைப் பற்றி வீட்டில் வாயே திறந்ததில்லை. அவர்களும் கேட்டதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்கார வைத்து, உனக்குச் சொல்லவென்று வைத்திருந்ததை முழுவதும் சொல்லப்போகிறேன். காற்று எந்தப் பக்கம் அடித்தது, மணலிலிருந்து எழுந்து யாரைத் தேடினேன் என்பது வரைக்கும். கட்டாயம் சொல்வேன். அழாமல் சொல்வேன் என்று மட்டும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

சேரப்பணஞ்சேரியிலிருந்து,
உன் மூத்த பெண்
செல்வி