பாசிச் சுவர்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? இந்தக் கால்கரி நகரத்தில் நான் நலமாக இருப்பதாகவே வைத்துக்கொள்.

சுற்றுச்சூழலைக் கெடுக்காத அலுவலகம் ஒன்றை வடிவமைத்தேன் அல்லவா, அதன் சுவர் முழுக்க உயிருள்ள பாசியைப் படரவிடச் சொல்லியிருந்தேன். தினமும் காலையில் போய்த் தண்ணீர் தெளித்தேன். ஆளில்லாதபோது அதனிடம் பேசவும் செய்தேன். இங்கே வேறு யார் காது கொடுக்கிறார்கள்? நேற்று அதிலிருந்து பச்சைச் சாயம் ஒழுகித் தரைவிரிப்பு பாழானது.

"பராமரிக்க முடியாதுன்னு சாயம் போட்ட செத்த பாசியா மாத்திட்டோமே நோரீன், உனக்கு யாரும் சொல்லலையா? செத்ததுக்கா இத்தனை நாளா தண்ணி ஊத்துன?" என்று அலுவலக மேலாளர் க்ளென் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

உன் சமையலறை ஜன்னல் ஜெரேனியம் பூச்செடியில் ஒரு கிளையை வெட்டி, ஈரத்துணி சுற்றி அனுப்பு. வாடியிருந்தாலும் பரவாயில்லை. உயிர் இருந்தால் போதும்.

பஸ் வந்துவிட்டது.

நோரீன்