படத்துக்கு மட்டும் சிரிப்பு

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஆனால் ஒரே ஆத்திரமாக இருக்கிறது. பக்கத்து மெஷின் அக்காவோடு சிரித்துப் பேசினேன் என்று சூப்பர்வைசர் என்னைச் சுவரோரம் மாற்றிவிட்டார். தையல் ஒன்றும் கோணவில்லை. இங்கே எனக்குப் பேச்சுத்துணை அந்த அக்கா மட்டும்தான்.

இன்று கம்பெனி விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்தார்கள். அதே சூப்பர்வைசர், "என்னம்மா உம்முனு இருக்கே? சந்தோஷமா சிரி" என்கிறார்! அவர் முன்னால் வாயே திறக்காத நான், "அக்கா பக்கத்துல உட்கார வைங்க சார், தானா வரும்" என்றேன். உட்கார வைத்தார்கள். அக்கா, "வாடி, வாயாடி!" என்றதும் சிரித்துவிட்டேன். படம் முடிந்ததும் மறுபடி சுவரோரம்.

நான் சிரித்தது நிஜம், அம்மா. அதைப் போய் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்களே!

ஒரே மாதிரி இரண்டு ஹேர்கிளிப் அனுப்பு, ஒன்று அக்காவுக்கு. மணி அடிக்கிறது, போகிறேன்.

உன் மகள்