சனிக்கிழமை மட்டும் பச்சை

இயேசு மரி சூசை

எர்ணாவூர்,
அக்டோபர் 14, திங்கட்கிழமை

அன்பு மகள் ஜானட்டுக்கு அப்பா லூயிஸ் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு ஆடுகளும் பதினோரு கோழிகளும் பேர் வைத்து மாளாத அளவுக்கு மண்புழுக்களும் சுகம். அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் ஃப்ரெடியும் சுகமாக இருக்கவேண்டும் என்று அந்தோனியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், காதில் வாங்கினாரா என்பது அவர் பாடு. முந்தாநாள்தானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம், கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய்தான் வருகிறது கண்ணு. பக்கத்தில் உன் அம்மா உட்கார்ந்திருந்தால் பொய்க்கு மேல் பொய்யாக வருகிறது. காகிதம் திரும்பி முகத்தைப் பார்க்காது, அதனால் இதில் எழுதுகிறேன். நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டதற்கப்புறம் நான் பேனா பிடிப்பது இப்போதுதான், கோணல் மாணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே.

முதலில் ஊர்ச் சேதி. உன் பிராங்கிளின் மாமா இன்னும் திருந்தவில்லை. காசிமேட்டிலிருந்து மீன் குடலும் செதிலும் டிரம்மில் அடைத்து ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வருவானே, வெல்லம் போட்டு ஊறவைத்துச் செடிக்கு ஊற்றுவதற்கு, போன வாரம் எர்ணாவூர் மேம்பாலத்தின் மேலே கயிறு அறுந்து அந்த டிரம் உருண்டுவிட்டது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரிகள் எல்லாம் நின்றுவிட்டன, டிரைவர்கள் இறங்கி மூக்கைப் பொத்திக்கொண்டு அவன் பரம்பரையையே விசாரித்தார்கள். இவன் அசராமல் நைனா இது ஆர்கானிக்கு, ஒடம்புக்கு நல்லது என்று சொன்னானாம். இரண்டு நாளாக அவன் பெண்டாட்டி அவனை வாசலிலேயே படுக்க வைத்திருக்கிறாள். கத்திரி நன்றாகக் காய்க்கிறது, வெண்டையை மாவுப்பூச்சி பிடித்துக்கொண்டது, வேப்பெண்ணெய் அடித்தேன், பூச்சிக்கு அது பாயசம் மாதிரி இருக்கிறது போல. போன மாதம் புதுப் பங்குச்சாமியாரை அழைத்து வந்து தோட்டத்தை மந்திரிக்க வேண்டும் என்று உன் அம்மா ஒற்றைக் காலில் நின்றாள், அவரும் வெள்ளை அங்கியோடு வந்து தீர்த்தம் தெளித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து எருக்குழிக்குள் முழங்கால் வரை இறங்கிவிட்டார். அதிலிருந்து அந்தக் குழியில் மட்டும் எரு சீக்கிரம் மக்குகிறது, இதை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் ஒருவேளை சோறில்லாமல் இருந்தேன்.

சனிக்கிழமைப் பிள்ளைகள் வருவதும் நடக்கிறது. ரிடையர் ஆன டீச்சருக்குக் கரும்பலகை இல்லாவிட்டால் கை அரிக்கும் என்று உன் அம்மா மூன்று வருஷம் முன்னால் ஆரம்பித்தாளே, அதேதான். அண்ணா நகர் பக்கமிருந்து ஒரு பள்ளிக்கூட வேன் வருகிறது, அதோடு நம் எர்ணாவூர்க் குடியிருப்புப் பிள்ளைகளும் வந்து கலந்துகொள்கிறார்கள். வேன் பிள்ளைகள் தொப்பி போட்டு, கைக்கு மருந்து தடவி, மண்ணைத் தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடும். நம் பிள்ளைகள் அதற்குள் மண்புழுவை அவர்கள் சட்டைக்குள் விட்டிருக்கும். நான் விதை போடவும் ஆட்டுக்குத் தழை வைக்கவும் காட்டிக் கொடுப்பேன். ஹார்பர் கிரேனில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நான், பிள்ளைகளை வரிசைப்படுத்த அதே விசில், அதே கை சைகை. கையைச் சுழற்றினால் தூக்கு, விரித்தால் நிறுத்து. பிள்ளைகள் கேட்கின்றன, ஆடு மட்டும்தான் கேட்பதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் தோட்டத்து இலை பச்சை இல்லை ஜானட். நீ இங்கே இருந்தபோதும் தூசி உண்டு, ஆனால் நீ போன இந்த ஏழு வருஷத்தில் லாரியும் கூடிவிட்டது, எண்ணூர்ப் பக்கக் காற்று வீசினால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிச் சாம்பலும் வந்து இறங்குகிறது. திங்கள் செவ்வாயில் வாழை இலையில் பேர் எழுதலாம், வெள்ளிக்கிழமை வந்தால் கடிதமே எழுதலாம். ஹார்பரில் பெரிய ஆபீசர் பார்வையிட வருகிறார் என்றால் முந்தின நாள் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா, துருவைச் சுரண்டக்கூட மாட்டோம், அதன் மேலேயே மஞ்சள் பெயின்டை அடித்துவிடுவோம். அவர் பார்த்துச் சபாஷ் சொல்லிவிட்டுப் போவார். அந்தப் புத்திதான் எனக்கு. முதல் தடவை பள்ளிக்கூட வேன் வருகிறது என்றதும் சனிக்கிழமை காலையில் எழுந்து தண்ணீர் ஓஸைப் பிடித்துத் தோட்டம் முழுவதையும் குளிப்பாட்டினேன். உன் அம்மா முதலில் கத்திரிப் பாத்தியில் நிற்கிற அந்தோனியார் சுரூபத்தைத் துடைப்பாள், பிறகு வாழை, பிறகு பப்பாளி, முருங்கை, தண்ணீர் மிச்சமிருந்தால் நான். எட்டரைக்கு வேன் வரும்போது எல்லாம் பளபளவென்று நிற்கும், டீச்சர்மார் எல்லாரும் அட எவ்வளவு பச்சை என்பார்கள். மூன்று வருஷமாக ஒரு சனிக்கிழமை தவறவில்லை.

நீ ஆசையாகக் கேட்கிறாய் என்று உனக்கு அனுப்பிய போட்டோக்களும் அப்போது எடுத்தவைதான். வேண்டுமானால் இப்போதே போனை எடுத்துத் தேதியைப் பார், ஒவ்வொன்றும் சனிக்கிழமை. போன மாதம் பேசும்போது நான் இருமினேனே, சமையலறையில் மிளகாய் வறுக்கிறேன் என்று உன் அம்மா சொன்னாள். மிளகாயும் இல்லை ஒன்றும் இல்லை, அன்றைக்கு ரசம்கூட வைக்கவில்லை.

இது எப்படி வெளியே வந்தது என்றால் நம்மிடம் வேலை செய்கிற செங்கொடியின் மகள் சங்கமித்திரையால். எட்டு வயது, எல்லாரும் மித்ரா என்போம், வியாசர்பாடியிலிருந்து குடியிருப்புக்கு மாற்றி வந்த குடும்பம். வாய் இருக்கிறதே, அது வடசென்னை முழுவதுக்கும் போதும். முந்தாநாள் உன் அம்மா பிள்ளைகளை உட்காரவைத்துக் கலர் பென்சில் கொடுத்து, இந்தத் தோட்டத்து இலை ஒன்றை வரையுங்கள் என்றாள். வேன் பிள்ளைகள் எல்லாம் பச்சையை எடுக்க அடிதடி. மித்ரா மட்டும் அடுப்புக் கரியை எடுத்துத் தாள் முழுக்க ஒரு வாழை இலையைச் சாம்பல் நிறத்தில் தேய்த்து, நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பச்சை போட்டிருந்தாள். உன் அம்மா பார்த்துவிட்டு, இலைக்கு ஏம்மா இந்தக் கலர் என்று கேட்டாள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இன்னா டீச்சர் நீ, சனிக்கெழம மட்டுந்தான் பச்சையா கீது, மத்த நாள்ல இப்டித்தான், நடுவுல கீறது நான் வெரலால இழுத்தது, தாத்தாவக் கேளு, அவருதான் காலீல ஓஸ் புட்சிகினு கழுவிகினு இருந்தாரு என்றாள். நாற்பது பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தன. கிரேன் கயிறு அறுந்தபோதுகூட விசிலை விடாதவன், அன்றைக்கு அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வேனோடு வந்த ஷம்ஷாத் டீச்சர் நேராக மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனார், அங்கே உள்ள நாலு வாழையை நான் கழுவுவதே இல்லை, யார் போகப்போகிறார்கள் என்று. ஒரு இலையைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே பிள்ளைகள் ஓடிப்போய், ஐயோ அந்தச் சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும், நாலு வாழையிலும் எல்லாரும் விரலால் பேர் எழுதினார்கள், படம் போட்டார்கள், ஒருத்தன் கணக்குப் போட்டான். மூன்று வருஷமாக நான் மாய்ந்து மாய்ந்து காட்டிய மண்புழுவுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. நானே சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சின்னப் பெண் கூட்டத்திலிருந்து விலகி வந்து, பையைத் திறந்து, நீல நிறத்தில் மூச்சுக்கு இழுக்கிற மருந்து பம்பை எடுத்து வாயில் வைத்து இரண்டு தரம் இழுத்தது. யாரையும் கூப்பிடவில்லை, அழவில்லை. பழகிய கை. நம் ஃப்ரெடி போனில் எனக்குக் காட்டினானே, தாத்தா இது என் விசில் என்று, அதே நீலம். எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

நீ என்ன சொல்லியிருக்கிறாய், அந்த ஊர் ஈரத்தில் பையனுக்கு வீசிங் விடமாட்டேன் என்கிறது, டிசம்பரில் எட்டு வாரம் கொண்டுவந்து விடுகிறேன், பண்ணையில் நல்ல காற்றும் வெயிலும் பட்டால் தேறிவிடுவான், அடுத்த மாதம் டிக்கெட் போடுகிறேன் என்று. என்னத்தைப் பார்த்துச் சொன்னாய், என் சனிக்கிழமை போட்டோவைப் பார்த்துத்தானே. டிசம்பரில் இங்கே பனியோடு புகை தரையில் படுத்துக்கொள்ளும், எனக்கே நெட்டுக்குப்பம் வரை சைக்கிள் மிதித்தால் நடுவில் இரண்டு இடத்தில் இறங்கி மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. ஜானட், டிக்கெட் போடாதே. பையனை இங்கே அனுப்பாதே. இதை எழுதுவதற்கு மூன்று நாளாக மனசோடு மல்லுக்கட்டினேன். அவனை நான் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை, போனில் பார்த்த உயரம்தான் தெரியும். வேப்ப மரத்தில் ஊஞ்சல் கட்டிவிட்டேன், ஹார்பர் கயிறு, யானை ஆடினாலும் அறுந்துபோகாது. உன் அம்மா அவனுக்கு மஞ்சள் கலரில் குட்டி ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்து, ராயபுரம் கோயிலில் பூசைக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாள்.

அவளிடம் சனிக்கிழமை சாயங்காலமே சொன்னேன், ஜானட்டிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று. முதலில் அந்த பூட்ஸில் ஒன்று என் மேல் பறந்து வந்தது. பிறகு, அவன் இருக்கிற எட்டு வாரமும் தினமும் கழுவிவிடலாம், நானே கழுவுகிறேன் என்றாள். இலையைக் கழுவுவாய், காற்றைக் கழுவ எந்த ஓஸ் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். இன்று காலையில் அந்த பூட்ஸை மித்ராவுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள், கொஞ்சம் இறுக்கினாலும் ஏறிவிட்டதாம், ஆனாலும் கொடுக்க மனசு வராமல் திரும்ப எடுத்து வைத்துவிட்டாள். நான் அதைப் பார்க்காத மாதிரி ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டேன்.

உடனே நீ என்ன சொல்வாய் என்று தெரியும், அப்படியானால் நீங்கள் எதற்கு அங்கே இருக்கிறீர்கள், விற்றுவிட்டுக் கிளம்புங்கள் என்பாய். கிளம்பி எங்கே போவது. மித்ராவும் குடியிருப்புப் பிள்ளைகளும் இதே காற்றைத்தான் இழுக்கிறார்கள், அவர்களுக்கு யாரும் டிக்கெட் போடுவதில்லை. மூன்று தரம் கழுவினால் நம் கத்திரிக்காய் நல்ல கத்திரிக்காய், அதையாவது தின்னட்டும். ஷம்ஷாத் டீச்சர் ஸ்கூலில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார், இன்னும் போன் வரவில்லை, வேன் வருமோ வராதோ. வந்தாலும் சரி, இனிமேல் நான் ஓஸ் பிடிக்கப்போவதில்லை. என்ன கலரோ அந்தக் கலரிலேயே பார்க்கட்டும். செங்கொடி என்னைப் பார்த்து, இன்னா நைனா, புள்ள வாயால மாட்டிகினியே, பேஜாராப் பூட்ச்சா என்று கேட்டுச் சிரிக்கிறாள், மகளை அதட்டவும் இல்லை. அதட்டியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

பையனின் பம்பை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வை. ஈரத் துணியை அவன் படுக்கிற அறையில் உலர்த்தாதே, நர்ஸ் வேலை பார்க்கிற உனக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் அம்மா பிளேனில் ஏறமாட்டேன் என்று இத்தனை நாள் பிடிவாதம் பிடித்தாள், பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று நேற்று பிராங்கிளினை மெதுவாகக் கேட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நீயும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. ஆண்டவரும் மாதாவும் உங்கள் மூன்று பேரையும் தலைவலி காய்ச்சல் இல்லாமல், முக்கியமாக மூச்சுத் திணறல் இல்லாமல் வைத்திருக்கட்டும். கோபப்பட்டால் என்மேல் படு, அம்மாமேல் வேண்டாம், ஓஸைப் பிடித்தவன் நான்தான். அவளுக்குக் காட்டினால் கடிதம் போகாது, அதனால் இப்போதே திருவொற்றியூர் தபாலாபீஸுக்குப் போய் நானே சேர்த்துவிட்டு வந்து பிறகு சொல்லப்போகிறேன். இன்னொரு பூட்ஸ் பாக்கி இருக்கிறது.

இத்துடன் பாலித்தீன் உறையில் வாழை இலைத் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன், மோட்டார் ரூமுக்குப் பின்னால் அறுத்தது, கழுவாதது. வந்து சேர்வதற்குள் வாடிப்போயிருக்கும், மேலே இருப்பது வாடாது. விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு ஃப்ரெடியைத் தூக்கிக்கொள், தாத்தா தூக்கச் சொன்னதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சூ. லூயிஸ்