வினாயகபுரத்துக்குப் போன வெற்றிலை

காக்கா, வாறாங்க, வினாயகபுரத்துப் பொடியன்கள் வெள்ளிக்கிழமை எங்கட கிரிக்கெட் மெட்சுக்கு வாறாங்க!

மைக்கைப் பிடித்தால் கல்முனைக் கடற்கரையையே துள்ள வைக்கும் என் அண்ணன் நௌசாத் காக்கா, நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு வரும் முதல் மெட்ச் இது. நடக்காது என்றுதான் நினைத்திருந்தோம்.

ஊர் கொஞ்ச நாளாகச் சரியில்லை. மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு முகம் மூடிய ஆட்கள் மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறார்களாம். ‘வெளியாள் வந்தால் திரும்பிப் போகமாட்டான்’ என்று ரோட்டுச் சுவரில் கறுப்புப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. வெளியாள் யார் என்று எழுதத் தேவையில்லை, பக்கத்துத் தமிழ் ஊர்க்காரர்தான் என்று எல்லாருக்கும் விளங்கியது. ‘ஆயுதம் வந்திட்டாம்’ என்று வட்சப்பில் ஒரு குரல் பதிவு. பேசியது யார் என்று தெரியாமலே எல்லாரும் அனுப்பினார்கள். சண்டைக் காலத்தைப் பார்த்த உம்மா, பொழுது படுமுன்னமே கேற்றைப் பூட்டத் தொடங்கிவிட்டா. அந்தச் சத்தம் எனக்குப் புதிது. உங்களுக்குப் பழகிய சத்தமோ, காக்கா?

இந்த மெட்ச் நின்றால் அந்தச் சுவர் வென்றுவிடும் என்று எனக்குப் பட்டது. உடனே போனில் ஒரு போஸ்டர் செய்தேன். நடுவில் உங்கள் படம், சுற்றி நெருப்பு, மேலே மின்னல்! வினாயகபுரம் குரூப்புக்கு அனுப்பினேன். எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தரும் பதில் போடவில்லை.

“பயந்திட்டானுகள்,” என்றான் எங்கள் கெப்டன் இர்பான். “இல்லாட்டி அவனுகளும் அந்தக் கூட்டத்தோட சேந்திட்டானுகளோ?”

யாரும் மறுத்துக் கதைக்கவில்லை. நானும்தான். இப்படித்தான் தொடங்குமா, காக்கா? சந்தேகத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பதில்தானா?

மனம் கேட்காமல் அவர்களுடைய கெப்டன் சுதனுக்குக் கோல் எடுத்தேன்.

“ஏன்டா வரமாட்டீங்களா?”

“கூப்பிட்டாத்தானே வாறதுக்கு?”

“போஸ்டர் அனுப்பினனே!”

“போஸ்டரக் கரண்ட் கம்பத்திலயும்தான் ஒட்டுறாங்கள். வெத்திலை எங்கடா? நௌசாத் அண்ணன் வருசா வருசம் வெத்திலையோட வந்து கூப்பிடுவார். இந்த முறை ஒருத்தரையும் காணல்ல. நாங்க வாறது உங்களுக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு இருந்தம்.”

அல்லாஹ்! இங்கே நாங்கள் அவர்களைப் பார்த்துப் பயந்துகொண்டு, அங்கே அவர்கள் எங்களை நினைத்து மனம் நொந்துகொண்டு.

அடுத்த நாள் காலையில் உம்மாவே வெற்றிலையும் பாக்கும் வாங்கி, வாழையிலையில் சுற்றித் தந்தா. கேற்றையும் அவவே திறந்துவிட்டா. “நேரத்தோட வந்திருங்க மனே,” என்று மட்டும் சொன்னா. நான் இர்பானையும் கூட்டிக்கொண்டு வினாயகபுரத்துக்குப் போனேன்.

அவர்கள் ஊர்ச் சுவரிலும் எழுத்து இருந்தது, காக்கா. அது எங்களைப் பற்றி. சுதன் கடற்கரையில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தான். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கினான்.

“மைக் ஆரு?”

“நான்தான்.”

“ஐயோ! உன்ட குரலுக்குக் கடல்ல மீனும் மிஞ்சாது!”

இர்பான் சிரித்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

“ஓம், வாறம்,” என்றான் சுதன். “லொறியில பாட்டும் போட்டுக்கிட்டு வருவம். சுவர்ல எழுதினவன் நிண்டு பாக்கட்டும்.”

எழுதியது யார் என்று இன்னும் தெரியாது. மோட்டார் சைக்கிள்கள் நின்றதாகவும் தெரியவில்லை. ஆனால் நேற்று உம்மா கேற்றைப் பூட்ட மறந்துவிட்டா. மறந்தாவோ, வேணுமென்றே விட்டாவோ, நான் கேட்கவில்லை.

காக்காவுக்கு எழுதியதை இங்கே வாசிக்கிறவர்களே, பகிருங்கள். பகிர்ந்துவிட்டுச் சும்மா இருக்காதீங்க, போஸ்டரை நம்பி நான் பட்ட பாடு போதும். பக்கத்து ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு வெற்றிலையோடு போய், “வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிய கடற்கரைக்கு வாங்க” என்று வாயால் சொல்லுங்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

காக்கா, பள்ளியில் பாங்கு சொன்னால் உங்களைப் போலவே மைக்கை அணைப்பேன். சுதன் சிக்சர் அடித்தாலும் தொண்டை கிழியக் கத்துவேன். அடுத்த வருசமும் வெற்றிலை போகும். நானே கொண்டுபோவேன்.

உங்கட மைக்குக்குப் பக்கத்தில நிண்டே வளந்த தம்பி,
சிஃபான்