இரண்டாவது கையெழுத்து

கார்டர் க்ரீக், கென்டக்கி
மார்ச் 9, 2009

என் அன்பு டார்லாவுக்கு,

வெண்டல் எழுதுவது. நான் சுகம், நாய் சுகம், கூரை மட்டும் ஒழுகுகிறது. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன். கடிதத்திலும் நான் சண்டை போடுவேன். ஆனால் உனக்கு மூன்று நாள் கழித்துத்தான் உறைக்கும். அதுவரை நிம்மதியாக இரு.

எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று சிரிக்காதே. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கண் பரிசோதனைக்குப் போன அன்று நடந்ததை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. பரிசோதித்த பெண், "ஐயா, கடைசி வரி தெரியுதா?" என்றாள். "கடைசி வரியா? அட்டையே தெரியலம்மா" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள், இந்த ஆள் இனிமேல் எந்த அணுமின் நிலையத்திலும் துரு பார்க்கத் தகுதியில்லாதவன் என்று. விழித்திரை தேய்ந்தவனுக்குக் கண்ணாடி போட்டும் பயனில்லையாம்.

இப்போது நான் கற்றுக்கொடுத்த வேலையை நீ பார்க்கிறாய். மேபிள் பாயின்ட் நிலையத்துக்கு நாற்பது வருஷ லைசென்ஸ் முடியப்போகிறது, இன்னும் இருபது வருஷம் ஓட்ட அனுமதி கேட்கிறார்கள், அதற்காக ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு தகட்டையும் தட்டித் தடவிப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நம் தொழிலில் இதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. நீ அங்கே இருப்பது எனக்குச் சந்தோஷம். இல்லை, பொய். வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போ.

நாம் இருவரும் பதினோரு வருஷம் ஊர் ஊராகச் சேர்ந்து போனோமே, ஒரு நாளாவது நம்மை ஒரே ஜோடியாகப் போட்டார்களா? ஒருவர் அளந்ததை இன்னொருவர் தனியாக அளந்து இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். புருஷன் பெண்டாட்டி ஒருவருக்கொருவர் அப்படிப் போடக் கூடாது, பாசத்தில் கண்ணை மூடிக்கொள்வார்களாம். ஊரான் ஒருவன் போடலாமாம். நல்ல சட்டம்! இப்போது உனக்கு இரண்டாவது கையெழுத்துப் போடும் அந்த ஊரான் யார்? வயசு என்ன? கல்யாணமானவனா?

உன் அருமைக் கணவன்,
வெண்டல் டாக்கெட்


மேபிள் பாயின்ட் விடுதி, இல்லினாய்
மார்ச் 15, 2009

அன்புள்ள வெண்டலுக்கு,

உன் டார்லாவின் முத்தங்கள். கடிதம் கிடைத்தது. மூன்று நாள் கழித்து உறைக்கும் என்றாய், பிரித்த கையோடு உறைத்தது.

முதலில் உன் விசாரணைக்குப் பதில். பெயர் டுவைட் கூப். ஊர் ஒஹையோ. நாற்பத்தெட்டு வயது. தொப்பை உண்டு, மனைவி உண்டு, குறட்டை உண்டா என்று எனக்குத் தெரியாது. போதுமா துப்பறியும் புலியே?

வேலை முதுகை ஒடிக்கிறது. உலையைச் சுற்றி நிற்கும் கான்கிரீட் கட்டடத்தின் உட்புறம் முழுக்க எஃகுத் தகடு ஒட்டியிருக்கிறதல்லவா, அதன் அடிப்பாகத்தை விளக்குப் பிடித்துச் சாண் சாணாகப் பார்க்கிறோம். பெயின்ட் கொப்புளித்த இடத்தில் ஒலியைக் கடத்தும் கூழைத் தடவி, ஒலிக்கருவியை வைத்துத் தகட்டின் கனத்தை அளக்கிறேன். நான் நகர்ந்த பிறகு டுவைட் வந்து என் எண்ணைப் பார்க்காமல் தானாக அளக்கிறான். நீ எப்போதும் சொல்வாயே, "துரு உன்னைத் தேடி வராது, நீதான் மண்டியிட்டுப் போகணும்" என்று. என் முழங்கால் இரண்டும் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கின்றன.

வியாழக்கிழமை மட்டும் ஒரு சுகம். ஆற்றோரக் கடையில் கேட்ஃபிஷ் வறுவல் போடுகிறார்கள். பெரிய மீன், பெரிய விலை. அதனால் நானும் டுவைட்டும் ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்கிறோம். வால் பக்கம் மொறுமொறுவென்று இருக்கும், அதை எனக்குத் தள்ளிவிடுகிறான். நல்ல மனுஷன்.

கூரைக்கு ஆள் கூப்பிடு. நீயே ஏறாதே, உன் கண்ணுக்கு ஏணியும் தெரியாது, ஓடும் தெரியாது.

அன்புடன்,
டார்லா


கார்டர் க்ரீக்
மார்ச் 21, 2009

டார்லாவுக்கு,

வால் பக்கமா?

பதினோரு வருஷமாக வால் பக்கத்தை நான்தான் தின்றேன். ஒரு நாளாவது "எனக்குக் கொடு" என்று வாயைத் திறந்து கேட்டாயா? கேட்டிருந்தால் முழு மீனையே தந்திருப்பேன். எவனோ தொப்பைக்காரன் வந்துதான் உனக்கு வால் பிடிக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டுமா?

நேற்று முடி வெட்டப் போனேன். பக்கத்து வீட்டு ஆர்வில் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தான். "என்னப்பா வெண்டல், பொண்டாட்டி சம்பாதிக்கப் போயிட்டா, நீ தக்காளிச் செடிக்குத் தண்ணி ஊத்துறியாமே?" என்றான். "ஆமா, உன் தலைக்கும் ஊத்தவா?" என்றேன். கடை முழுக்கச் சிரிப்பு. அவன் விடவில்லை. "சிரிச்சுக்கோ, சிரிச்சுக்கோ. எங்க மச்சானும் இப்படித்தான் சிரிச்சான். அவன் பொண்டாட்டி அயோவாவுக்கு வெல்டிங் வேலைக்குப் போனவ, திரும்பி வரும்போது வக்கீலோட வந்தா" என்றான். பாதி வெட்டிய தலையோடு எழுந்து வந்துவிட்டேன். இப்போது வலப்பக்கம் ஒரு மாதிரி, இடப்பக்கம் ஒரு மாதிரி இருக்கிறேன். நாய்கூட ஒரு முறை குரைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டது.

உன் கடிதத்தை இன்னொரு முறை வாசித்தேன். உள்ளே முழுக்க டுவைட். என் பெயர் உறைமேல் மட்டும்தான் இருக்கிறது.

வெண்டல்


மேபிள் பாயின்ட்
ஏப்ரல் 2, 2009

என் அசட்டு வெண்டலுக்கு,

கோபத்தை ஓரமாக வை. பெரிய செய்தி இருக்கிறது, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். வேறு யாருக்கு இதன் அருமை தெரியும்?

தெற்குப் பக்கம், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு காசு அளவுகூட இல்லாத சின்னக் கொப்புளம். பெயின்ட் மேலே பளபளவென்று இருந்தது. யாரும் தாண்டிப் போயிருப்பார்கள். நீ கற்றுக்கொடுத்தபடி விளக்கைச் சரித்துப் பிடித்தேன், நிழல் விழுந்தது. சுரண்டினேன். உள்ளே ஈரத் துரு. தகட்டை முழுக்கத் தின்று துளை போட்டிருந்தது, வெண்டல்! முன்பக்கத்திலிருந்து அல்ல, பின்பக்கம் கான்கிரீட்டுக்குள்ளிருந்து.

வெட்டிப் பார்த்தார்கள். கட்டடம் கட்டிய காலத்தில் தச்சர்கள் எடுக்க மறந்த மரக்கட்டை ஒன்று கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. இத்தனை வருஷமும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தகட்டோடு ஒட்டி உட்கார்ந்து, பின்னால் இருந்து அரித்திருக்கிறது. கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். சத்தியமாக.

இப்போது தகடு முழுவதையும் மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் மேலாளர் லெனோர் கூப்பிட்டு, "டார்லா, லைசென்ஸுக்காக இனி இருபது வருஷம் துருவைக் கண்காணிக்க நிரந்தரமா ரெண்டு பேர் வேணும். முதல்ல உன்னைத்தான் நினைச்சேன். டுவைட்டையும் கேட்டிருக்கேன்" என்றாள். ஊர் ஊராகப் பெட்டி தூக்கியது போதும், வெண்டல். ஆற்றோரம் வீடு எடுக்கலாம். நீ மீன் பிடிக்கலாம். சாயங்காலம் நான் வந்து அளவுகளைச் சொல்வேன், நீ குறை கண்டுபிடிக்கலாம். வருவாயா?

உன்,
டார்லா


கார்டர் க்ரீக்
ஏப்ரல் 8, 2009

டார்லாவுக்கு,

வாழ்த்துகள். நான் முப்பது வருஷம் மண்டியிட்டேன், எனக்கு ஒரு துளைகூடத் தென்படவில்லை. உனக்கு மூன்று வாரத்தில் கிடைத்துவிட்டது. கொடுத்து வைத்தவள். எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, வாயில் கசப்பாகவும் இருக்கிறது, எது முந்தியது என்று கேட்காதே.

டுவைட்டையும் கேட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். இருபது வருஷம் அவன் உன் பக்கத்தில் மண்டியிடுவான். நான் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மீன் பிடித்துக் கொண்டுவந்து தருவேன், நீங்கள் இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். வால் யாருக்கு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கூரைக்கு ஆள் வந்துவிட்டுப் போனான்.

வெண்டல்


மேபிள் பாயின்ட்
ஏப்ரல் 27, 2009

வெண்டல்,

சென்ற வாரம் லெனோர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "தப்பா எடுத்துக்காதே, கேட்டே ஆகணும். உனக்கும் டுவைட்டுக்கும் ஏதாவது இருக்கா?" என்றாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "எனக்கும் அவனுக்குமா? எனக்கும் அவன் தொப்பைக்கும்தான் தகராறு, குனிஞ்சா வெளிச்சத்தை மறைக்குது" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

எல்லா நிலையத்திலும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு போன் நம்பர் ஒட்டியிருப்பார்களே, பெயர் சொல்லாமல் யார் வேண்டுமானாலும் புகார் சொல்லலாம் என்று, அந்த நம்பருக்கு யாரோ பேசியிருக்கிறார்கள். நாங்கள் இருவரும் புருஷன் பெண்டாட்டி மாதிரி பழகுகிறோம், அதனால் ஒருவர் அளவுக்கு ஒருவர் போட்ட கையெழுத்தை நம்பக் கூடாது என்று. புகார் வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? எங்கள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு மாநிலத்திலிருந்து இரண்டு பேரை வரவழைத்து, நாங்கள் அளந்த ஒவ்வோர் இடத்தையும் மறுபடி அளந்தார்கள். விடுதிச் சாப்பாட்டு அறைக்கு நான் போனால் மேசையே காலியாகிவிடும். டுவைட்டின் மனைவிக்கு எவனோ போன் போட்டுச் சொல்லிவிட்டான். அந்த மனுஷன் வண்டிக்குள் உட்கார்ந்து அழுததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நேற்று முடிவு வந்தது. அவர்கள் எண்ணும் எங்கள் எண்ணும் ஓர் இடத்தில்கூட மாறவில்லை. லெனோர் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். எங்கள் இருவரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவள் புகாரை எனக்கு வாசித்துக் காட்டினாள். "மீன் வாலைக்கூட அவளுக்குத்தான் தள்ளிவிடுறான், கேட்டுப் பாருங்க" என்று அதில் இருந்தது. அதை நான் இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் எழுதினேன்.

உன் கண் போனதற்கு நான் அழுதேன், வெண்டல். நீ இல்லாமல் உன் வேலையைச் செய்ய எனக்கு வெட்கமாக இருந்தது. நீ என் கையெழுத்தையே பொய் என்று சொல்லிவிட்டாய். நம் தொழிலில் இதைவிட அசிங்கமான வார்த்தை உண்டா? எனக்கு உன் மேல் ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. அதோடு, நாய்க்கும் உனக்கும் யார் சமைக்கிறார்கள் என்ற கவலையும் போகவில்லை. என் தலையெழுத்து.

நிரந்தர வேலைக்குச் சம்மதித்துவிட்டேன். ஜூன் முதல் தேதி சேர வேண்டும். வீடும் பார்த்துவிட்டேன். அதில் நீ இருப்பாயா மாட்டாயா என்பது மட்டும்தான் பாக்கி. எனக்கு ஒரு கடிதம் எழுது. உன்னைப் பற்றி எழுது, என்னைப் பற்றி எழுது, நாயைப் பற்றி எழுது. அந்த மனுஷனைப் பற்றி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. ஒரே ஒரு கடிதம் அப்படி வந்தால் போதும், ட்ரக்கை எடுத்துக்கொண்டு நானே வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன். இல்லையென்றால் வரமாட்டேன். இதற்குப் பிறகு எழுதவும் மாட்டேன்.

டார்லா


கார்டர் க்ரீக்
மே 3, 2009

என் உயிர் டார்லாவுக்கு,

நான்தான். மறுக்கப்போவதில்லை. பேசி முடித்து போனை வைத்தேன். திரும்பக் கூப்பிட்டு இல்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், மன்னித்துவிடு.

காலையில் எழுந்தால் என்னை எங்கும் யாரும் எதிர்பார்க்கவில்லை. முப்பது வருஷம் இடுப்பில் விளக்கோடு திரிந்தவன், இப்போது வீட்டில் விளக்கைப் போடுவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன், போட்டாலும் ஒன்றுதான். நீ ஜெயித்தபோது நான் ஒருவன் தேவையே இல்லை என்று தோன்றிவிட்டது. உன்னைப் பிடித்துக்கொள்ளத் தெரியாமல் கீழே இழுத்தேன். உன் கையெழுத்து பொய் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நான் பழக்கியவர்களிலேயே நீதான் கெட்டிக்காரி. இதை நேரில் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கூரை சரியாகிவிட்டது. ஆர்வில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான், வாடகைக்கும் விடலாம். உன் குளிர்ச்சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்று. எனக்கு நான்தான் சமைக்கிறேன், பீன்ஸும் சோளரொட்டியும், நாய் சாப்பிடுகிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆற்றங்கரையில் உட்காரச் சம்மதம். நீ அளவுகளைச் சொல்லு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன். குறை கண்டுபிடிக்கவே மாட்டேன், ஒன்றிரண்டைத் தவிர.

எழுதியதைப் பூதக்கண்ணாடி வைத்து முழுக்க வாசித்துப் பார்த்தேன். நீ வேண்டாம் என்றது ஒரு சொல்கூட இல்லை. வாசலில் பெட்டியோடு நிற்பேன். வா.

என்றும் உன்னுடைய,
வெண்டல்

பி.கு. உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். கோபப்படாதே. பெயரை எழுதவில்லை பார். அங்கே ஜூன் மாதத்திலிருந்து உனக்கு இரண்டாவது கையெழுத்துப் போடப்போவது யார்? அதே ஆள்தானா? அதை மட்டும் ஒரு வரி எழுதிவிட்டு வண்டியை எடு.